அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரின் ஊற்றும் பரவலும்

காந்தியின் வாழ்க்கையைப் படமாக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ (1923–2014), காட்டுயிர்ப் படங்களால் உலகெங்கும் அறியப்பட்ட அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோ (பிறப்பு 1926) ஆகிய இருவராலும் இந்தப் பெயர் நம் காதுக்குப் பழகிவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் இது அரிய பெயர். ஸ்மித் என்ற பெயரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருக்கும் நாட்டில், அட்டன்பரோக்கள் நாட்டிங்காம்‌ஷயரையும் அதை ஒட்டிய டெர்பி‌ஷயரையும் மையமாகக் கொண்ட ஒரு சிறு கூட்டம்.

சகோதரர்களின் தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887இல் நாட்டிங்காம்‌ஷயரின் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தவர். பழைய ஆங்கில அரசர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர். 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். ஸ்டேபிள்ஃபோர்டிலிருந்து நேர்கோட்டில் 4 கிலோமீட்டர் தென்கிழக்கே போனால் அட்டன்பரோ என்றே ஓர் ஊர் இருக்கிறது.

பெயரும் ஊரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் கேள்வி முடிந்துவிட்டதாகத்தான் தோன்றும். குடும்பப்பெயர் ஆய்வில் அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பெயர் எங்கே பிறந்தது, எந்த வம்சத்தில் பிழைத்தது, இன்று எங்கே இருக்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு இடைக்கால ஆவணம் வேண்டும், இரண்டாவதற்கு மரபணு வேண்டும், மூன்றாவதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் போட்டால் கதை அழகாக இருக்கும், ஆய்வு கெட்டுப்போகும்.

ஊரும் பெயரின் இரண்டு பொருள்களும்

அட்டன்பரோ ஊர் நாட்டிங்காம் நகரத்தின் தென்மேற்கே, பீஸ்டன், சில்வெல் ஊர்களை ஒட்டி, டிரென்ட் ஆற்றின் கரையில் இருக்கிறது. சரளைக்கல் தோண்டிய குழிகளில் நீர் நின்று உருவான அதன் இயற்கைக் காப்பிடத்தை 1966இல் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோவேதான். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் பக்கத்து ஊர்களான டோட்டனும் சில்வெல்லும் உண்டு, அட்டன்பரோ இல்லை. 12ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கும் எழுத்துவடிவங்களை வைத்து, அட்டா அல்லது எட்டி என்ற பழைய ஆங்கில ஆண்பெயரோடு, அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் 'பர்ஹ்' சேர்ந்தது என்று இடப்பெயர் அறிஞர்கள் பிரிக்கிறார்கள்.

குடும்பப்பெயருக்கு இன்னொரு விளக்கமும் உலவுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்பது 'அந்த இன்னதன் அருகே' என்று பொருள்படும் முன்னொட்டு. 'அந்தக் கோட்டையருகே குடியிருப்பவன்' என்பது அட்டன்பரோ ஆயிற்று என்பது அந்த விளக்கம். இது உண்மையானால் ஊருக்கும் பெயருக்கும் தொடர்பே வேண்டாம். கோட்டையோ பண்ணைமாளிகையோ இருந்த எந்தச் சிற்றூரிலும் இந்தப் பெயர் முளைத்திருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறியச் சில சோதனைகள் உண்டு. முதலாவது இலக்கணம். பழைய ஆங்கிலத்தில் 'பர்ஹ்' பெண்பால் சொல். பெண்பால் சொல்லுக்கு முன்னால் வரவேண்டியது 'அட்டன்' அல்ல, 'அட்டர்'. அந்த விதிப்படி பிறந்த பெயர்தான் அட்டர்பரி. 'அட்டன்' ஆண்பால், அஃறிணைச் சொற்களுக்கு உரியது. 13ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் இந்தப் பால் வேறுபாடு தேய்ந்துபோனதால் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் தராசு ஊரின் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது, ஆவணத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் இடைச்சொல். லத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதிய எழுத்தர் 'டி' ('இன்ன ஊரைச் சேர்ந்த') என்று போட்டுப் பெயரை எழுதியிருந்தால் பெரும்பாலும் அது ஊர்ப்பெயர். 'அட்டெ' ('அருகே') என்று ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் நிலக்குறி, அதாவது குடியிருந்த இடத்தின் அடையாளத்தால் வந்த பெயர். மூன்றாவது, பரவல். நிலக்குறிப் பெயர் நாடெங்கும் தனித்தனியாக முளைக்கும். ஊர்ப்பெயர் அந்த ஊரைச் சுற்றியே அடர்ந்து நிற்கும். அட்டன்பரோ இரண்டாம் வகையாகவே நடந்துகொள்கிறது.

ஊர்ப்பெயரிலிருந்து வந்த பெயர்களில் ஒரு முரண் உண்டு. அட்டன்பரோவிலேயே குடியிருந்தவனை அந்த ஊரார் யாரும் 'அட்டன்பரோக்காரன்' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் போன இடத்தில் அந்தப் பெயர் ஒட்டும். ஆகவே முதல் அட்டன்பரோ குடும்பத்தை அந்த ஊரின் பதிவேட்டில் தேடுவதைவிட, அரைநாள் நடையில் போகக்கூடிய ஊர்களில் தேடுவதே முறை: ஸ்டேபிள்ஃபோர்ட், பீஸ்டன், பிராம்கோட், எரிவாஷ் ஆற்றுக்கு அப்பால் சாண்டியேக்கர், லாங் ஈட்டன், சாலி.

ஏன் ஒரே குடும்பமாகச் சுருங்குகிறது

இங்கிலாந்தில் நிலப்பிரபுக்களின் பரம்பரைப் பெயர்கள் 1066இன் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் படிப்படியாக நிலைத்தன. சாதாரண மக்களிடம் தெற்கில் 1350 வாக்கிலும் வடக்கில் இன்னும் ஒரு நூற்றாண்டு தள்ளியும் நிலைத்தன. அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 20 முதல் 25 தலைமுறைக்கு முன்பு. அதே காலத்தில்தான் 1348–49இன் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொண்டுபோனது.

தந்தைவழிப் பெயர் அழிவதைப் பற்றி ஃபிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் போட்ட கணக்கு இங்கே உதவும். ஒவ்வொருவருக்கும் வளர்ந்து ஆளாகும் மகன்கள் சராசரியாக ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான் ஒன்று, சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒருவருமில்லை. 100 பேர் 100 தனிப்பெயர்களோடு தொடங்கினால், முதல் தலைமுறையிலேயே 37 பெயர்கள் மறையும். 5ஆம் தலைமுறையில் 73 போயிருக்கும், 10ஆம் தலைமுறையில் 84, 20ஆம் தலைமுறையில் ஏறத்தாழ 91. எஞ்சிய ஒன்பதில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 11 ஆண்கள் இருப்பார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு. தொடக்கத்தில் ஐந்தாறு பேருக்கு அட்டன்பரோ என்ற பெயர் தனித்தனியாக வந்திருந்தாலும், இன்று ஒருவருடைய வம்சம் மட்டுமே மிஞ்சியிருப்பது மிக இயல்பு. இன்றைய ஒற்றுமை அன்று ஒரே மூதாதை மட்டும் இருந்ததற்குச் சான்றாகாது.

பிழைத்த வம்சம் பெருகியதற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1589இல் நாட்டிங்காம்‌ஷயரின் கேல்வர்ட்டனில் வில்லியம் லீ காலுறைப் பின்னல் தறியைக் கண்டுபிடித்தார். அடுத்த நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி முழுக்கக் குடிசைத் தறிகள். 19ஆம் நூற்றாண்டில் பீஸ்டனிலும் லாங் ஈட்டனிலும் லேஸ் ஆலைகள், எரிவாஷ் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள். பிறந்த இடத்திலேயே பிழைப்பு கிடைத்ததால் மகன்களுக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. விவசாயம் மட்டுமே இருந்த கவுண்டிகளின் (ஆங்கில மாவட்டங்களின்) அரிய பெயர்கள் இதே காலத்தில் லண்டனுக்கும் லங்காஷயருக்கும் சிதறியதோடு இதை ஒப்பிட வேண்டும்.

ஆவணங்களில் பின்னோக்கிப் போவது

இறங்கும் வரிசை எப்போதும் அண்மையிலிருந்து தொலைவுக்குத்தான். 14ஆம் நூற்றாண்டில் ஒருவரைக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே இறங்க முயல்வது, விரும்பிய முடிவுக்குக் கொண்டுபோய் விடும்.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு உண்டு. ஆனால் பதியாவிட்டால் தண்டம் என்ற கட்டாயம் 1875 தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் குழந்தை இல்லையென்றால், பிறக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. இந்தப் பெயருக்கே உரிய ஒரு கண்ணி பதிவு மாவட்ட எல்லை. ஸ்டேபிள்ஃபோர்ட், பிராம்கோட், சில்வெல், டோட்டன் ஆகியவை நாட்டிங்காம்‌ஷயர் ஊர்கள். ஆனால் அவை சேர்ந்திருந்தது டெர்பி‌ஷயரின் ஷார்ட்லோ பதிவு மாவட்டத்தில். பதிவு மாவட்டத்தை வைத்து வரைந்த வரைபடத்தில் 'ஷார்ட்லோ' என்று அடர்நிறம் தெரிந்தால், அது டெர்பி‌ஷயர்ப் பெயர் என்று எழுதிவிடுவார்கள். ஊர் வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் அந்த நிறத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

கணக்கெடுப்பில் ஆட்களின் பெயர் நாடு முழுக்க வருவது 1841 முதல். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 என்பது 35 ஆகும். பிறந்த இடத்துக்கு 'இதே கவுண்டியா, இல்லையா' என்பது மட்டுமே. எல்லையோரக் குடும்பங்களுக்கு 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லே ஆற்றைக் கடந்ததைக் காட்டிக்கொடுக்கும். பிறந்த ஊரின் பெயர் வேண்டுமென்றால் 1851க்கு வர வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்தது, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29இல் போர்க்காலத்துக்காக எடுத்த பதிவேடு.

1837க்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள். 1538இல் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால் தொடங்கியவை. ஆனால் பல ஊர்களில் மிஞ்சியிருப்பது 1558க்குப் பிந்தையதுதான். 1598இல் தாளிலிருந்து தோலுக்குப் பெயர்த்தெழுதச் சொன்னபோது, முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய ஆண்டிலிருந்து எழுதினால் போதும் என்று பல குருமார்கள் எடுத்துக்கொண்டார்கள். 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் குடியரசும். அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் ஓட்டை. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், 1701 பிப்ரவரியில் நடந்த ஞானஸ்நானம் ஏட்டில் 1700 என்றிருக்கும். இதைக் கவனிக்காதவர்கள் தாய்க்குத் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்குப் போட்டுவிடுவதும், 1700 நவம்பரில் பிறந்தவனை 1700 பிப்ரவரிப் பிள்ளையின் தம்பி என்று கொள்வதும் அடிக்கடி நடக்கிறது.

அட்டன்பரோ புனித மேரி தேவாலயம் தாய்ச்சபை. சில்வெல், டோட்டன் மக்கள் அதன் கீழ் வருவார்கள், பிராம்கோட்டின் சிற்றாலயமும் அதனோடு சேர்ந்தது. எனவே 'அட்டன்பரோவில் ஞானஸ்நானம்' என்றால் அந்த ஊரில் குடியிருந்தார்கள் என்று பொருளல்ல. இதைவிடப் பெரிய தொல்லை, தேடுபொறியில் 'அட்டன்பரோ' என்று தட்டினால் பாதிக்கு மேல் ஊர்தான் வரும். நாடாளுமன்றப் படைத்தளபதியும் ஆலிவர் குரோம்வெல்லின் மருமகனுமான ஹென்றி ஐயர்ட்டன் 1611இல் ஞானஸ்நானம் பெற்றது இங்கே என்பதால், 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அவர் குடும்பத்தின் 'அட்டன்பரோ' தனியாக ஒரு குவியல். பெயர் எந்தக் கட்டத்தில் வருகிறது, குடும்பப்பெயர்க் கட்டமா இருப்பிடக் கட்டமா என்று பிரித்தே தேட வேண்டும்.

உயில்களுக்கு எரிவாஷ் ஆறு ஒரு சுவர். 1858 வரை உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்களே உறுதிசெய்தன. ஆற்றின் கிழக்கே நாட்டிங்காம்‌ஷயர் அப்போது யார்க் பேராயரின் ஆட்சியில், மேற்கே டெர்பி‌ஷயர் லிச்ஃபீல்ட் மறைமாவட்டத்தில். ஸ்டேபிள்ஃபோர்டில் இறந்த அண்ணனின் உயில் ஒரு பக்கம் போனால், கூப்பிடு தூரத்தில் சாண்டியேக்கரில் இறந்த தம்பியின் உயில் வேறொரு நகரத்துக் கிடங்கில் இருக்கும். இரண்டையும் பார்க்காமல் 'மகனில்லாமல் இறந்தார்' என்று மரத்தில் எழுதியவர்கள் பலர்.

பேப்டிஸ்ட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதையும் இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு கிளை திடீரென்று 30 ஆண்டு காணாமல் போய், பிறகு அடக்கப் பதிவில் மட்டும் தலைகாட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பதிவேட்டுக்கும் முந்தைய காலத்தில் வரிப்பட்டியல்தான் துணை. அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வாங்கிய அடுப்பு வரி 1662–1689. 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பட்டியல் 1641–42. எல்லாக் கவுண்டிக்கும் அது மிஞ்சவில்லை. அதற்கு முன்னால், நாடாளுமன்றம் அரசனுக்கு அனுமதித்த 1524–25 மானிய வரி. பிறகு பெரிய தாவலாகத் தலைவரி: 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஆளுக்கு 4 பென்னி, 1381இல் 15 வயதுக்கு மேல் 12 பென்னி. 1381ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆட்கள் குறைவதற்குக் காரணம் சாவு மட்டுமல்ல, ஏய்ப்பும்கூட. அந்த வரிதான் அந்த ஆண்டின் உழவர் கிளர்ச்சியைக் கிளப்பியது. 1327, 1332 வரிகளில் ஓரளவு சொத்துள்ளவர் பெயர்கள் கிடைக்கும். 1334இல் ஊருக்கு இவ்வளவு என்று மொத்தமாக விதித்துவிட்டார்கள்; அதன்பின் அந்த வரியின் ஏடுகளில் தனியாள் பெயர் தேடுவது வீண்.

இவ்வளவு கீழே போனபின் கிடைக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் என்று உடனே கொள்ளக் கூடாது. ஒருவன் வேறு ஊருக்குப் போனால் வேறு பெயர் பெறும் காலம் அது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் இருந்து, மகன் வேறிடத்தில் குடியிருந்தும் அது மாறாமல் இருந்தால்தான் பரம்பரைப் பெயராகிவிட்டது என்று எழுதலாம்.

எழுத்துப் பிழைகள்

அட்டன்பரோ, கடைசி எழுத்துகள் சுருங்கிய அட்டன்போரோ, அட்டன்பர்ரோ, அட்டன்புரோ: இவை ஒரே குடும்பத்துக்குள், ஒரே ஆளின் வாழ்நாளுக்குள்ளும் மாறி மாறி வரும். எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுத்தர் கேட்டபடி எழுதினார். ஆகவே எழுத்துவேறுபாட்டை வைத்துக் கிளை பிரிப்பது அபத்தம்.

ஆபத்தானவை படிப்புப் பிழைகள். பெயரின் ஒலியை ஓர் எழுத்தும் மூன்று எண்களுமாகக் குறிக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறையைப் பல தேடுதளங்கள் பயன்படுத்துகின்றன. அதில் அட்டன்பரோவின் குறி ஏ-351. கடைசியில் வரும் 'பரோ' எப்படி எழுதப்பட்டாலும் குறி மாறாது, அதுவரை நல்லது. ஆனால் பழைய கையெழுத்தில் 'டி' எழுத்தின் குறுக்குக்கோடு விடுபட்டால் அது 'எல்' ஆகி 'அலன்பரோ' என்று பெயர்த்தெழுதப்படும், குறி ஏ-451. முன்னால் 'எச்' சேர்த்துச் சொல்லும் பேச்சுவழக்கால் 'ஹட்டன்பரோ' ஆனால் எச்-351. இரண்டும் தேடலில் அகப்படா. மறுபக்கம், தொடர்பே இல்லாத அட்டன்பரி என்ற பெயருக்கும் ஏ-351தான். ஆகவே தானியங்கித் தேடலை நம்பாமல், முதல் இரண்டு மூன்று எழுத்துகளை நட்சத்திரக்குறியாக்கி '*ன்பர*' என்ற பாணியில் ஒரு தடவையும், குடும்பப்பெயரையே விட்டுவிட்டு முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மட்டும் கொடுத்து ஒரு தடவையும் தேட வேண்டும்.

அமெரிக்காவில் காணப்படும் அட்டபெரி வகைப் பெயர்களை அட்டன்பரோவோடு சேர்ப்பது இன்னொரு பழக்கமான தவறு. அவை மேலே சொன்ன அட்டர்பரியின் பக்கம் போகின்றன.

1881: வரைபடம் வரைவது

பரவலுக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் ஆண்டு 1881. ஏப்ரல் 3 இரவு எடுத்த அந்தக் கணக்கெடுப்பைக் குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் மார்மன் திருச்சபையும் சேர்ந்து தொண்டர்களைக் கொண்டு முழுமையாகப் பெயர்த்தெழுதின. பெரும் இடப்பெயர்வு தொடங்கிவிட்டாலும், பழைய மையம் இன்னும் அழியாத காலம் அது.

எண்ணிக்கையை அப்படியே வரையக் கூடாது. ஒரு கவுண்டியில் பெயர் எவ்வளவு என்பதை அந்தக் கவுண்டியின் மக்கள்தொகைப் பங்கால் வகுக்க வேண்டும். 1881இல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம். நாட்டிங்காம்‌ஷயரில் 3.9 லட்சம், அதாவது 1.5 சதவீதம். லண்டனில் 38 லட்சம், அதாவது 14.7 சதவீதம். கற்பனையாக 1,000 பேர் கொண்ட ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அதில் 300 பேர் நாட்டிங்காம்‌ஷயரில் என்றால் 30-ஐ 1.5-ஆல் வகுத்து 20 மடங்கு அடர்த்தி. லண்டனில் 150 பேர் என்றால் 15-ஐ 14.7-ஆல் வகுத்து ஒரே மடங்கு. லண்டனின் 150 பார்க்கப் பெரிதுதான். ஆனால் எந்தப் பெயருக்கும் தற்செயலாகவே அவ்வளவு பேர் அங்கே இருப்பார்கள்.

அட்டன்பரோவுக்கு லண்டன் புள்ளியைப் பார்த்து மயங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அடகுக்கடை என்றால் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அட்டன்பரோ. ஃப்ளீட் தெருவில் 1883இல் எழுந்த அவர்கள் கடைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கடைப்பலகையும் விளம்பரமும் செய்தித்தாளில் நிறையக் கிடைக்கும் என்பதால், செய்தித்தாள் தேடலை வைத்துப் பரவல் சொல்பவர்கள் இதை லண்டன் பெயராக்கிவிடுவார்கள். வணிகக் குடும்பம் அச்சில் விட்டுச்செல்லும் சுவடு, நூறு பின்னல் தறிக்காரர் விட்டுச்செல்வதைவிடப் பெரிது.

மிக அரிய பெயர்களில் சிறு எண்களே வரைபடத்தை ஆட்டிவைக்கும். மக்கள் குறைந்த வெஸ்ட்மோர்லண்டில் ஒரே வீட்டில் 6 பேர் இருந்தாலும் அங்கே அடர்த்தி எகிறிவிடும். வீடுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்து, மூன்று வீட்டுக்குக் குறைவான இடங்களை நிறமிடாமல் விடுவது நல்ல வழக்கம்.

ஒய் குரோமோசோம் சொல்வது

குடும்பப்பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. மரபணு ரேகை முறை 1984இல் பிறந்த லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை 17 குறியிடங்களில் (ஆளுக்கு ஆள் மாறக்கூடிய குறிப்பிட்ட இடங்களில்) ஒப்பிட்டது. வழித்தொகுதிகளுக்குள், அதாவது ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகத் தெரியும் கூட்டங்களுக்குள், விழுபவர்களின் பங்கு சராசரி 62 சதவீதம். பெயருக்குப் பெயர் 0 முதல் 87 சதவீதம் வரை. ஸ்மித் போன்ற பெயர்களில் தற்செயலாகத் தெருவில் பிடித்த இருவருக்கு உள்ள ஒற்றுமையைவிட அதிகமில்லை. பெயர் அரிதாக ஆக ஒற்றுமை கூடியது. அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது அட்டன்பரோ: 87 சதவீதம், அதாவது 10இல் ஏறத்தாழ 9 பேர் ஒரே வம்சம்.

கணக்கைப் புரிந்துகொள்ள: ஒரு குறியிடம் ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு சுமார் 500இல் ஒன்று. 17 இடங்களுக்கு 0.034. 20 தலைமுறைக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகளுக்கு நடுவே 40 கைமாற்றங்கள். ஆக சராசரி வேறுபாடு 1.4 இடம். எனவே இரண்டு அட்டன்பரோக்களிடம் 0, 1, 2 வேறுபாடு இருந்தால் ஒரே மூதாதை என்று கொள்வதில் தவறில்லை. 6, 7 என்றால் வேறு வழி.

அட்டன்பரோவின் பெரிய தொகுதி ஈ1பி1பி1 என்ற ஒய் குரோமோசோம் வகையைச் சேர்ந்தது. இது ஆய்வாளருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பிரிட்டனில் பத்தில் ஏழு ஆண்கள் ஆர்1பி வகை. அந்த வகையில் 17 இடங்கள் தற்செயலாகவே பொருந்திவிடும். உறவில்லாதவர்கள் உறவாகத் தெரிவார்கள். ஈ வகை அங்கே நூற்றில் சிலரே என்பதால் தற்செயல் பொருத்தம் அரிது. இந்த வகை மத்தியதரைக் கடலைச் சுற்றி அதிகம் என்பதை வைத்து 'முதல் அட்டன்பரோ ரோமானியச் சிப்பாய்' என்று யாராவது எழுதினால் சிரித்துவிட்டு நகரலாம். அந்தக் கிளை பிரிட்டனுக்கு வந்ததற்கும் பெயர் பிறந்ததற்கும் நடுவே எத்தனை நூற்றாண்டு என்று இந்த 17 இடங்கள் சொல்லாது.

மிச்சமுள்ள 13 சதவீதம்? திருமணமாகாத அட்டன்பரோ மகளின் மகன் தாயின் பெயரைப் பெறுவது, மாற்றாந்தந்தையின் பெயர், தத்து, ரகசியத் தகப்பன், சட்டப்படி யாரும் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆங்கில வழக்கம், எல்லாம் இதில் அடங்கும். ஒரே மூதாதை, 20 தலைமுறை என்று வைத்தால் தலைமுறைக்கு 0.7 சதவீதமே இப்படி வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். இந்த எண்ணை ஒழுக்கத்தின் அளவுகோலாகச் செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டன. அது சரியல்ல. வெளியிலிருந்து ஓர் ஆளாக உள்ளே வரும் கிளை, மேலே பார்த்த கால்ட்டன் கணக்குப்படி ஐந்து தலைமுறையில் நூற்றுக்கு 73 தடவை அழிந்துபோகும். நடந்தவற்றில் பிழைத்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன.

இதே காரணத்தால்தான், இன்றைய ஒய் குரோமோசோம் அமைப்பு 700 ஆண்டுக்கு முன் பெயரை முதலில் பெற்றவரைப் பற்றி நம்பத்தக்க செய்தி தருவதில்லை என்று அந்த ஆய்வே முடிக்கிறது. பல தொகுதிகளின் வயது பெயரின் வயதைவிடக் குறைவு. 16ஆம் நூற்றாண்டில் ஐந்து மகன்களைப் பெற்ற ஒருவரே இன்றைய அட்டன்பரோக்கள் பெரும்பாலோரின் மூதாதையாக இருக்கலாம். அவருக்கு முன் அந்தப் பெயரை வைத்திருந்த மற்றவர்களின் ஆண்வழி தடமின்றிப் போயிருக்கலாம்.

அரிய பெயர் எப்போதும் ஒரே வம்சம் என்ற அவசரத்துக்கு 2007இல் வந்த ஆய்வு நல்ல கடிவாளம். கிழக்கு யார்க்‌ஷயரின் ஓர் அரிய பெயரில் 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் ஏ1 வகை இருந்தது. அதுவரை மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் மட்டுமே அறியப்பட்ட வகை அது. குடும்ப மரங்கள் 1788, 1789 வரை யார்க்‌ஷயரிலேயே போய் நின்றன. தோற்றத்தில் ஏழு பேரும் மற்ற ஆங்கிலேயரைப் போலவே இருந்தார்கள்.

சோதனைக்கு ஆள் சேர்க்கும்போது ஒரு விதி. ஒரு குடும்ப மரத்துக்கு ஒருவர், அல்லது மிகத் தொலைவில் பிரிந்த இருவர் போதும். அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று ஆறு பேரைச் சேர்த்தால் பொருத்தம் தானாக உயரும். 37 குறியிடச் சோதனை தொகுதியைக் காட்டும். தொகுதிக்குள் கிளை பிரிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 80–90 ஆண்டுக்கு ஒன்று என்று சேரும், மரபணுவின் ஒற்றையெழுத்து மாற்றங்களைப் படிக்கும் விரிவான சோதனை வேண்டும்.

இன்றைய பரவல்

பிரிட்டனில் இன்றும் அடர்த்தி டிரென்ட் – எரிவாஷ் பகுதியில்தான். மற்ற இடங்களில் சிதறல். கடல்கடந்து ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா. இன்றைய எண்ணிக்கை சொல்லும் பட்டியல்களைக் கையாளும்போது எந்தப் பட்டியல் எதை விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸுக்கு 2002இல் புள்ளியியல் அலுவலகத் தரவிலிருந்து வந்த குடும்பப்பெயர்ப் பட்டியலில் ஐந்து பேருக்குக் குறைவான பெயர்களும் எழுத்துவடிவங்களும் கிடையாது. ஆகவே அரிய பெயரின் அரிய எழுத்துவடிவம் 'அழிந்துவிட்டது' என்று அதை வைத்து அறிவிக்க முடியாது. இறந்தவர், நாட்டைவிட்டுப் போனவர் நீக்கப்படாமல் கிடப்பதால் மொத்தம் சற்று வீங்கியும் இருக்கும். வாக்காளர் பட்டியலின் பொதுவிற்பனைப் பதிப்பிலிருந்து 2002க்குப் பின் யாரும் விலகிக்கொள்ளலாம். அதை வைத்து 2001ஐயும் 2011ஐயும் ஒப்பிட்டால் பெயர் பாதியாகச் சுருங்கியதாகத் தெரியும். விரைவில் வாக்களிக்கும் வயதை எட்டவிருப்பவர்கள் தவிர, சிறுவர்கள் அதில் இல்லை.

பரவலுக்கு எண்ணும்போது பெண்களையும் எண்ணுகிறோம். அவர்களில் பலர் திருமணத்தால் பெயருக்கு வந்தவர்கள். வாழிடம் காட்ட அது பரவாயில்லை. ஊற்றைத் தேடும் வரைபடத்துக்கு, 1881 தரவில் ஆண்களையும் மணமாகாத பெண்களையும் மட்டும் எடுத்து, இருக்கும் இடத்துக்குப் பதில் பிறந்த ஊரைக் குறித்து மீண்டும் வரைய வேண்டும். அதிலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பிரித்தால், ரயில் வருவதற்கு முன்பு, 1820 வாக்கிலேயே பெயர் எங்கே நின்றது என்று தெரியும். நாட்டிங்காம் – டெர்பி இருப்புப்பாதை அட்டன்பரோ வழியாக ஓடத் தொடங்கியது 1839இல்.